சிசிலி டைசனின் வாழ்க்கையை எழுதத் துணை நின்றவர்களுக்கு நன்றி மடல்

அன்புள்ள நண்பர்களுக்கும் பெரியோர்களுக்கும் வணக்கம்.

அமெரிக்கத் தொலைக்காட்சியிலும் திரைப்படங்களிலும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் நடித்த கறுப்பின நடிகை சிசிலி டைசனைப் பற்றித் தமிழில் ஒரு சிறு நூல் எழுத வேண்டும் என்று மூன்று ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய வேலை, சென்ற மாதம் அச்சுக்குப் போயிற்று. அட்டையில் என் பெயர் மட்டும் இருந்தாலும் உள்ளே இருப்பதில் பெரும்பகுதி உங்கள் உழைப்பு. பெயர் போட வேண்டாம் என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டதால், நீங்கள் செய்த உதவியை மட்டும் சொல்கிறேன்.

மெய்ப்புத் திருத்தித் தந்த ஐயாவுக்கே முதல் நன்றி. பழைய ஆங்கிலக் குறிப்புகள் பலவற்றில் கண்டபடி டைசன் 1933இல் பிறந்தார் என்று முதல் பக்கத்தில் எழுதிவிட்டு, 2013இல் ‘தி டிரிப் டு பவுன்டிஃபுல்’ நாடகத்துக்காக, அமெரிக்க நாடக உலகின் உயரிய விருதான டோனி விருது பெற்றபோது அவருக்கு வயது 88 என்று கடைசிப் பகுதியில் எழுதியிருந்தேன். ஐயா இரண்டையும் பென்சிலால் வட்டமிட்டு, ஓரத்தில் ‘கணக்கு உதைக்கிறதே’ என்று மட்டும் குறித்து அனுப்பினார். மறுபடி தேடியபோதுதான், 1924 டிசம்பர் 19 என்பதே அவருடைய உண்மையான பிறந்த நாள் என்பதும், நடிக்க வந்த புதிதில் வயதைக் குறைத்துச் சொல்லும்படி கிடைத்த அறிவுரையை அவர் பல்லாண்டுகள் கைவிடவில்லை என்பதும் தெளிவாயின. வயது மாறியதும் கதையே மாறிவிட்டது. இருபது வயதுக்கு முன்பே தாயாகி, செஞ்சிலுவைச் சங்க அலுவலகத்தில் தட்டச்சு செய்து பிழைத்து, அதன் பிறகு நடிப்புக்கு வந்த ஒரு பெண்ணின் துணிவை, நான் முதலில் எழுதி வைத்திருந்த இளம்பெண்ணின் துணிவோடு ஒப்பிடவே முடியாது. மூன்று அத்தியாயங்களைத் திரும்ப எழுதினேன்.

நியூ ஜெர்சியிலிருந்து புத்தகங்களும் பழைய இதழ்களும் அனுப்பி, ஈஸ்ட் ஆரஞ்சு நகரில் டைசனின் பெயர் தாங்கிய கலைப் பள்ளியையும் நேரில் போய்ப் பார்த்து எழுதிய தோழிக்கு நான் பட்ட கடன் அதோடு முடியவில்லை. தன் மகளுக்கு மாற்றுப் பெயர் கொடுத்தே டைசன் தன் வாழ்க்கையைச் சொல்லும் நினைவு நூலில் எழுதியிருக்கிறார். அந்த உண்மைப் பெயரை நான் தேடத் தொடங்கியபோது, ‘தாய் மறைத்ததை நாம் ஏன் திறக்க வேண்டும்?’ என்று தோழி கேட்டார். அன்றோடு அந்தத் தேடலை விட்டேன்.

லூசியானாவில் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு தந்து பிறர் நிலத்தில், பயிரிடும் ஒரு கறுப்பினக் குடும்பத்தைப் பற்றிய 1972ஆம் ஆண்டுப் படம் ‘சவுண்டர்’. அதில் நடித்ததற்காகத்தான் டைசன் ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். ‘பங்குச் சாகுபடியாளர்’ என்று நான் எழுதியிருந்ததைப் படித்துப் பார்த்து, ‘வாரம் என்று சொன்னால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியுமே’ என்று திருத்தியவர் என் பெரியப்பா. இன்னொரு திருத்தமும் அவருடையது. அந்தப் படத்தை மக்களிடம் கொண்டு செல்ல டைசன் ஊர் ஊராகப் போனபோது, வெள்ளையின நிருபர் ஒருவர், படத்தில் கறுப்புச் சிறுவன் தகப்பனை ‘டாடி’ என்று அழைப்பது தனக்கு உறுத்தியதாகவும், தன் பிள்ளையும் தன்னை அப்படித்தானே அழைக்கிறான் என்று பிறகே உணர்ந்ததாகவும் அவரிடம் ஒப்புக்கொண்டார். வெறும் நடிகையாக மட்டும் இருந்துவிடத் தன்னால் முடியாது என்று டைசன் முடிவு செய்தது அப்போதுதான். வேலைக்காரியையும் விலைமகளையும் இழிவுபடுத்திக் காட்டும் வேடங்களை மறுத்து, வாய்ப்பில்லாமல் நீண்ட காலம் காத்திருக்கவும் அவர் அஞ்சவில்லை. அந்த இடத்தில் ‘டாடி’ என்பதை நான் ‘தந்தையே’ என்று மொழிபெயர்த்திருந்தேன். தெருவில் விளையாடும் எந்தப் பிள்ளை தந்தையே என்று கூப்பிடும் என்று பெரியப்பா கேட்ட பிறகு அது ‘அப்பா’ ஆயிற்று. நிருபருக்கு உறுத்தியது எது என்பது தமிழில் அந்த ஒரு சொல்லால்தான் விளங்குகிறது.

நாடக மேடைகளில் நாற்பது ஆண்டுகள் ஒப்பனை செய்த அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. 1974இல் சிபிஎஸ் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘மிஸ் ஜேன் பிட்மனின் சுயசரிதை’ என்ற, ஒரு நாவலைத் தழுவிய படத்தில், அடிமையாகப் பிறந்து 110 வயது வரை வாழும் கிழவியாக டைசன் நடித்தார். அதற்காக அவருக்கு, தொலைக்காட்சிக்கென வழங்கப்படும் எம்மி விருதுகள் இரண்டு கிடைத்தன; ஒப்பனை செய்த ஸ்டான் வின்ஸ்டனுக்கும் ரிக் பேக்கருக்கும் எம்மி கிடைத்தது. கடைசிக் காட்சியில் அந்தக் கிழவி கைத்தடியை ஊன்றி, காவலர்கள் பார்த்து நிற்க, வெள்ளையருக்கு மட்டுமென்று ஒதுக்கப்பட்ட குடிநீர்க் குழாயை நோக்கி அடி மேல் அடி வைத்து நடந்து போய், குனிந்து நீர் அருந்துகிறார். அண்ணன் என்னை அருகில் உட்கார வைத்து அந்தக் காட்சியை ஏழெட்டு முறை ஓட்டிக் காட்டினார். முகத்தில் ஒட்டிய ரப்பர் தானாக அசையாது என்றும், உள்ளிருக்கும் முகம் இரண்டு மடங்கு உழைத்தால்தான் வெளியே ஒரு சுருக்கம் அசையும் என்றும், அதனால் கண்ணையும் கழுத்தையும் நடையையும் பார் என்றும் சொன்னார். சொல்லிவிட்டுத் தன் கன்னத்தில் ஸ்பிரிட் கம் என்ற ஒப்பனைப் பசையைத் தடவி, ஒரு துண்டு ரப்பரை ஒட்டிக்கொண்டு சிரித்துக் காட்டினார். கன்னம் அசையவே இல்லை. அந்த அத்தியாயத்தில் நல்ல வரி என்று எதையாவது யாரேனும் சொன்னால், அது அண்ணனைச் சேரும்.

மாதா கோயில் பாடகர் குழுவில் பாடும் அண்ணிக்கும் என் நன்றி. கரீபியக் கடலிலுள்ள நெவிஸ் தீவிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய டைசனின் தாயார் பக்தி மிகுந்தவர். மகள் நடிக்கப் போவது பாவம் என்று எண்ணி, அவரோடு பேசுவதையே நிறுத்தியிருந்தார். பல்லாண்டுகள் கழித்து, நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்கில், ‘தி டிரிப் டு பவுன்டிஃபுல்’ நாடகத்தில் டைசன் பழைய துதிப்பாடல் ஒன்றைப் பாடத் தொடங்க, பார்க்க வந்தவர்களும் இருக்கையிலிருந்தபடியே சேர்ந்து பாடினார்கள். ஏன் அப்படிப் பாடினார்கள் என்பதை, அந்தப் பாடலையே எனக்குப் பாடிக் காட்டி விளக்கியவர் அண்ணி.

தட்டச்சு செய்த தங்கைக்கும், இரவில் விளக்கை அணைக்கச் சொல்லாத வீட்டாருக்கும் என் அன்பு. தன் நினைவு நூல் வெளியாகி இரண்டு நாள் கழித்து, 2021 ஜனவரி 28 அன்று, தன் 96ஆம் வயதில் டைசன் காலமானார். நம் நூலின் முதல் பிரதிகள் கட்டி வைக்கப்பட்டுள்ளன. உங்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் நானே கொண்டு வந்து தருகிறேன். ஐயா பென்சிலால் வட்டமிட்ட அந்த மெய்ப்புத் தாளை மட்டும் நானே வைத்துக்கொள்ள அவர் இசைய வேண்டும்.

என்றும் நன்றியுடன்,
நூலாசிரியர்