மகளுக்கு உண்டு, மகனுக்கு இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்கப் படிப்புக்கான உதவித்தொகை பற்றிய கட்டுரையைப் படித்தேன். இந்தியப் பெற்றோரின் பிள்ளைகளுக்கு அந்நாட்டு அரசின் உதவி கிடையாது என்ற வரியில்தான் தவறு இருக்கிறது. எங்கள் வீட்டையே சொல்கிறேன்.

வேலைக்காக நியூஜெர்சியில் இருந்தபோது மகள் பிறந்தாள், அதனால் அவள் அமெரிக்கக் குடிமகள். அவளுக்கு மூன்று வயதில் ஓசூருக்குத் திரும்பிவிட்டோம். மகன் பிறந்தது இங்கே. மகள் பிளஸ் டூ முடித்ததும் ஒரு கன்சல்டன்சிக்குப் போனோம். 'உங்க ரெண்டு பேர்கிட்டயும் கிரீன் கார்டு (அங்கே நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) இல்லையே சார்' என்று கையை விரித்துவிட்டு, கடன் படிவத்தை நீட்டினார்கள்.

அமெரிக்க அரசின் கல்வி உதவி கேட்கும் ஃபாஃப்சா என்ற விண்ணப்பம் மாணவரின் குடியுரிமையைத்தான் பார்க்கிறது. பெற்றோர் எந்த நாட்டவர் என்று கேட்பதே இல்லை. மாணவருக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் (அமெரிக்க அரசு தரும் அடையாள எண்) வேண்டும். பெற்றோர் அது இல்லாமலே விண்ணப்பத் தளத்தில் கணக்குத் தொடங்கலாம். (2024-25 படிவம் வந்த புதிதில் அப்படிப்பட்ட பெற்றோர் பல வாரம் உள்ளே நுழையவே முடியாமல் தவித்தது தனிக்கதை.) நம் வருமானத்தை டாலராக மாற்றி எழுத வேண்டும். என் சிப்காட் சம்பளத்தை டாலரில் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் வருமானம் குறைவாக இருந்தால்தானே பெல் கிராண்ட் என்ற அரசு உதவித்தொகை! 2025-26இல் அதன் உச்சவரம்பு 7,395 டாலர். திருப்பித் தர வேண்டாம், விண்ணப்பமும் இலவசம். அமெரிக்க மாநிலப் பல்கலைக்கழகங்களின் உள்ளூர்க் கட்டணச் சலுகை மட்டும் இதோடு சேர்ந்து வராது. அது அந்த மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு. அங்கே பிறந்தது மட்டும் போதாது.

மகன் போனால் எஃப்-1 என்ற மாணவர் விசா. பெல் கிராண்டும் இல்லை, அரசுக் கடனும் இல்லை. ஹார்வர்ட், எம்.ஐ.டி. போன்ற சில இடங்கள் வெளிநாட்டு மாணவருக்கும் குடும்ப நிலையைப் பார்த்து உதவுகின்றன. அது கல்லூரியின் சொந்தப் பணம். அங்கே இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு.

இங்கே எல்லாம் தலைகீழ். மகளிடம் இருப்பது இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கான ஓ.சி.ஐ. அட்டை. 2021 மார்ச் அறிவிக்கைப்படி, அந்த அட்டை உள்ளவர்கள் நீட், ஜே.இ.இ. எழுதினாலும் என்.ஆர்.ஐ. போன்ற இடங்கள்தான், இந்தியக் குடிமக்களுக்கென ஒதுக்கிய இடங்களில் சேர முடியாது. அறிவிக்கைக்கு முன்பே அட்டை பெற்றவர்களுக்கு இது பொருந்தாது என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, ஆக அட்டையின் தேதியைக் காட்டித்தான் இடம் கேட்க வேண்டும். மூன்று வயதிலிருந்து பாகலூர் ரோட்டில் வளர்ந்தவள் அவள்! தம்பிக்கு அந்தச் சிக்கல் எதுவும் இல்லை.

எங்கள் தெருவிலேயே இப்படித் திரும்பி வந்த குடும்பங்கள் இன்னும் இரண்டு உண்டு. உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு அதில் ஒருவர் விண்ணப்பிக்கும் எண்ணத்தையே விட்டுவிட்டார். ஒரு திருத்தம் வெளியிட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஓசூர், கிருஷ்ணகிரி மாவட்டம்