அலையாத்திக் காட்டருகே ஓர் அறிவியல் வகுப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்று முகத்துவாரத்தை ஒட்டி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் பல்லாண்டுகளாக இயங்கி வருகிறது. அதற்கு அருகிலேயே, 2022ஆம் ஆண்டு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற பிச்சாவரம் அலையாத்திக் காடு இருக்கிறது. ஆனால் சுற்றுவட்டார அரசுப் பள்ளிகளில் சவ்வூடு பரவலை, அதாவது மெல்லிய சவ்வின் வழியே நீர் ஊடுருவுவதை, இன்னும் உருளைக்கிழங்குத் துண்டை வைத்தே கற்பிக்கிறோம். வெண்கண்டல் என்னும் அலையாத்தி மரத்தின் இலையை வெயிலில் திருப்பிப் பார்த்தால் உப்புப் பரல்கள் மின்னும். நாக்கில் வைத்தால் கரிக்கும். உப்பை வெளியேற்றி வாழும் அந்த மரத்தைவிடச் சிறந்த பாடம் எது?

முற்றாக வெட்டப்பட்ட பகுதிகளில் மண் தாழ்ந்து, நீர் தேங்கி, உப்பேறிப்போன இக்காட்டை, மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டி ஓதநீரை (கடல் ஏற்றத்தில் உள்ளே வரும் நீரை)ப் பாயவிட்டு மீட்டவர்கள் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் வனத்துறையும் கிராம மக்களும் ஆவர். 2004 சுனாமியின்போது காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்ததை இப்பகுதியினர் நன்கு அறிவோம்.

எனவே, மாதம் ஒரு நாளாவது மாணவர்களைக் கழிமுகத்துக்கு அழைத்துச் சென்று, நீரின் உப்பளவையும் நாற்றுகளின் வளர்ச்சியையும் அவர்களே அளந்து பதிவு செய்ய ஆராய்ச்சி மாணவர்கள் துணைநிற்க வேண்டும். நண்டும் இறாலும் வரும் பருவத்தை நன்கறிந்த மீனவர்களை அவ்வகுப்புகளில் மதிப்பூதியத்துடன் ஆசிரியர்களாக அமர்த்தவும், அப்பதிவேடுகளை ஊராட்சி அலுவலகத்தில் வைக்கவும் பல்கலைக்கழகமும் பள்ளிக் கல்வித் துறையும் முன்வர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியை,
சிதம்பரம் வட்டம்.