ஸ்டாக்ஹோமில் இரண்டு இரவுகள்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே அம்மாவுக்கு முட்டி வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது, மாடிப்படிதான் இன்னும் சிரமம்.

அப்புறம், நான் அனுப்பிய, அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மனின் பதிவைக் கேட்டுவிட்டு, "இதில் பாட்டு எங்கே இருக்கிறது?" என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்வி. முதல் தடவை எனக்கும் மூன்று பேர் ஆளுக்கொரு பக்கம் ஓடுவதுபோலத்தான் இருந்தது.

1965 டிசம்பர் 3, 4 தேதிகளில் ஸ்டாக்ஹோமின் கோல்டன் சர்க்கிள் கிளப்பில் பதிவானது இது. அதற்கு முன் 1963, 64-இல் ஏறக்குறைய இரண்டு வருஷம் கோல்மன் மேடையை விட்டே ஒதுங்கியிருந்தார். வயலினும் டிரம்பெட்டும் தானாகவே பழகிக்கொண்டது அப்போதுதான். இந்த மூவரில் டிரம்ஸ் வாசிக்கும் சார்ல்ஸ் மொஃபெட்டும் அவரும் ஒரே ஊர்க்காரர்கள், டெக்சஸின் ஃபோர்ட் வொர்த். பள்ளிக் காலத்துப் பழக்கம். பேஸ், அதாவது ஆள் உயரத்துக்கு நிற்கும் வயலின் மாதிரியான அந்தக் கனத்த குரல் வாத்தியம், வாசிப்பவர் டேவிட் ஐசன்சன்.

பியானோ கிடையாது, கவனித்தாயா? பியானோ இருந்தால் அதன் கார்டுகள், அதாவது ஒரேயடியாகச் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள், "இந்த வழியாக வா" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். இங்கே அப்படிச் சொல்ல யாரும் இல்லை. சாக்ஸபோன் நினைத்த இடத்தில் திரும்புகிறது. ஐசன்சன் அதைக் காதால் பிடித்துக் கூடவே திரும்ப வேண்டும். ஸ்டுடியோ என்றால் சரியாக வராததை மறுபடி வாசிக்கலாம். ஆட்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அந்த நொடியிலேயே முடிவெடுத்தாக வேண்டும். அந்தத் தயக்கம், துணிச்சல் எல்லாம் நம் காதிலும் விழுகிறது. இந்தப் பதிவை நான் விடாமல் கேட்பது அதற்காகத்தான்.

மறுபடி கேட்கும்போது 'ஐரோப்பியன் எக்கோஸ்' பாட்டில் ஆரம்பி. குழந்தைகள் விளையாடும்போது பாடுகிற மாதிரி, மூன்று எண்ணிக்கையில் ஆடும் சின்ன மெட்டு. இரண்டு தடவை கேட்டால் வாய் தானாக முணுமுணுக்கும். அது மனசில் தங்கியதும் சாக்ஸபோனை விட்டுவிட்டு, பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு போ. நீ தேடிய பாட்டு அங்கே கிடைக்கும். மெதுவான பாட்டுகளில் ஐசன்சன் வயலின் மாதிரி வில் போட்டு பேஸை இழுக்கும்போது, கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

இரண்டாவது தொகுதியில் வரும் 'ஸ்னோஃப்ளேக்ஸ் அண்ட் சன்ஷைன்' இப்போதைக்கு வேண்டாம். கோல்மன் அதில் வயலினும் டிரம்பெட்டும் மாற்றி மாற்றி வாசிக்கிறார். வயலினை ராகத்துக்கு என்பதைவிடத் தாளத்துக்காகத் தேய்க்கிறார் என்றே சொல்லலாம். எனக்கே அது பழக ஒரு வருஷம் ஆயிற்று.

பொங்கலுக்கு நீயும் தங்கச்சியும் வருகிறீர்கள் அல்லவா? முன்னறை ஸ்பீக்கருக்கு ஒயர் மாற்றிவிட்டேன், முன்பு போல இடது பக்கம் விட்டு விட்டுக் கேட்பதில்லை. சாப்பாடு முடிந்து எல்லோரும் படுத்த பிறகு, ஐசன்சனை அதில் ஒரு தடவை சேர்ந்து கேட்கலாம்.

அன்புடன்,
ராமு