கண்ணாடிக் கடை அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

எங்கள் அறக்கட்டளையின் தஞ்சாவூர் ஓவியங்களைப் பழைய வீட்டிலிருந்து மாற்றும் வேலை முடிந்தது. நேற்று ராத்திரி கடைசிப் படமும் புது அறைக்குள் போய்விட்டது. பட்டியலில் ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே, அனுப்பியவர் ஒன்று, வாங்கியவர் ஒன்று என்று இரண்டு கையெழுத்து விழுந்துவிட்டது. பழைய வீட்டுக் கூரையால்தான் மாற்ற வேண்டி வந்தது என்று உங்களுக்கெல்லாம் தெரியும், திரும்ப விரிவாக எழுதவில்லை. ஒரு படத்திலும் புதுக் கீறல் இல்லை. அதை உங்களிடம் சொல்லாமல் தூக்கம் வராது போலிருக்கிறது.

முதல் நன்றி, பெயரைப் போடக் கூடாது என்று கேட்டுக்கொண்ட கண்ணாடிக் கடை அண்ணனுக்கு.

படங்களைச் சாய்த்து நிறுத்தச் சட்டம் பொருத்திய வண்டி வருவதாகத்தான் பேச்சு. வந்து நின்றதோ ஒரு வெறும் குட்டியானை. படுக்கப் போட்டு ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிவிடலாம் என்றார் டிரைவர். தஞ்சாவூர் ஓவியத்தை அப்படி அடுக்க முடியாது. பலகையில் துணி ஒட்டி, அதன் மேல் மக்கு வேலை செய்து (சுண்ணப் பொடியைப் பசையில் குழைத்துப் புடைப்பாக எழுப்புவது), கல் பதித்து, தங்க ரேக்கு என்ற மெல்லிய தங்கத் தகடு ஒட்டியது. ஈரக் காற்றில் பலகை உப்பும், காய்ந்தால் சுருங்கும். மக்கு அதோடு சேர்ந்து அசையாது, வெடிப்பு விட்டுத் தூக்கிக்கொள்ளும். வருஷக்கணக்காகப் பலகையின் பிடி தளர்ந்த மக்கை ஒரே ஒரு வேகத்தடை உதிர்த்துவிடும். படுக்க வைக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டோம். சரி, நிறுத்தி வைக்க எதைச் சாய்ப்பது? மேற்கே வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது.

டீ குடிக்க வந்த அண்ணன் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். “அக்கா, கண்ணாடி மேரிதான இதுவும்? எங்க ஸ்டாண்டைக் கொண்டாரட்டா?” என்றார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இரண்டு பக்கமும் சரிவான அந்த மரச் சட்டத்தை, பையன் ஒருவனோடு தூக்கிக்கொண்டு வந்து, வண்டி ஓடும் திசைக்கு நீளவாக்கில் வைத்துக் கட்டினார். “பிரேக் அடிச்சா முன்னாடி சாயாது” என்று டிரைவருக்கும் விளக்கினார். ஒவ்வொரு படத்தையும் கையில் வாங்கியதும் அந்தப் படத்தின் சட்டத்தை விரல் முட்டியால் லேசாகத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். ஒரு கிருஷ்ணர் படத்தில் நின்றுவிட்டார். “உள்ள கண்ணாடி ஆடுது, இத அனுப்பாதீங்க.” பிரித்துப் பார்த்தோம். பின்பக்க ஆணிகள் துருப்பிடித்து விட்டிருந்தன, கண்ணாடி தங்க ரேக்கின் மேலேயே உட்காரப் பார்த்தது. எங்கள் நிலைக் குறிப்பில் அந்தச் சட்டம் ‘நல்ல நிலை’. கண்ணால் பார்த்து எழுதியது அது. அவர் காதால் கேட்டார்.

கயிறு படும் மூலைகளுக்கெல்லாம் பழைய சைக்கிள் ட்யூப்பை வெட்டி வைத்தார். முகத்தோடு முகம், முதுகோடு முதுகு, நடுவில் அட்டை. அது முடியும்வரை அவர் கடைக்குப் போகவில்லை. காசு கொடுத்தோம், வாங்கவில்லை. அவருடைய முதலாளியும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவருக்கும் நன்றி.

அப்புறம், எழும்பூர் அருங்காட்சியகத்தின் வேதிப் பாதுகாப்புக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஐயா. மக்கு தூக்கிக்கொண்ட படங்களைத் தனியாகப் பிரித்து, முகம் மேலே பார்க்கத் தட்டில் வைத்து, காரில் அனுப்ப வைத்தவர் அவர்தான். கண்ணாடி இல்லாத படங்களில் பபிள் ஷீட் நேராகப் படவிடாமல், முதலில் மல் துணி சுற்றச் சொன்னதும் அவரே. எண் எழுதிய சீட்டுகளைக் கட்டிய மாணவிகள், புது அறையில் ஈரப்பதமானியோடு உட்கார்ந்திருந்த தம்பி, மாடிப்படி வளைவை முன்கூட்டியே அளந்து கொடுத்த மேஸ்திரி, எல்லோருக்கும் சோறு போட்ட எதிர்வீட்டு அம்மா, பணம் அனுப்பிவிட்டுப் பெயர் வேண்டாம் என்றவர்கள், உங்கள் ஒவ்வொருவருக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

இந்த வேலையில் திட்டம் என்றால் அட்டவணை, காப்பீடு, வண்டி என்றுதான் பேசுவோம். தூக்கப் போகிறவர்களைக் கடைசி நாளில்தான் கூப்பிடுவோம். ஊர் முழுக்க அப்படித்தான் நடக்கிறது, அது சரியில்லை. இனி எங்கள் அறக்கட்டளையில் எந்தப் பொருளை நகர்த்தினாலும், தூக்குகிறவர்கள் முதல் கூட்டத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் வேண்டாம் என்றால் வண்டி கிளம்பாது.

மரச் சிற்பங்கள் இன்னும் பழைய வீட்டில்தான் இருக்கின்றன. அதற்கான கூட்டத்துக்கு அண்ணனை அழைத்திருக்கிறோம். சம்பளம் உண்டு, வாங்கித்தான் ஆக வேண்டும் என்று இந்த முறை முதலிலேயே சொல்லிவிட்டோம். வருகிறேன் என்றிருக்கிறார்.