ஊட்டச்சத்துப் படிப்புக்கு ஆய்வகம் வேண்டும்

கடலூர், புதுச்சேரி கல்லூரிகளின் முதுநிலைப் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். நான் தேவனாம்பட்டினத்துப் பெண். ஊட்டச்சத்தில் எம்.எஸ்சி. முடித்து ஓராண்டாகிறது.

எங்கள் தெருவில் ஒரு அக்காவுக்கு ரத்தசோகை. ஒரு நாள் விடாமல் இரும்புச்சத்து மாத்திரை போட்டும் ரத்தம் ஏறவில்லை. "நீதான் படிச்சிருக்கியே, ஏன்னு சொல்லு" என்றார். காலை டீயோடு விழுங்குகிறார் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. டீயிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், எலுமிச்சைச் சாறோடு போடுங்கள் என்றேன். "போன வருஷம் டீ இல்லாமதானே போட்டேன், கால் புண்ணோட காய்ச்சலா கிடந்தப்ப?" என்று திருப்பிக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

பிறகு நானே தேடிப் படித்தேன். புண், காய்ச்சல் என்று உடம்பில் அழற்சி இருக்கும்போது கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகம் சுரக்கிறது. குடல் செல்லிலிருந்து இரும்பு ரத்தத்துக்குப் போகும் வாசலை அது அடைத்துவிடுகிறது. இரண்டு ஆண்டு வகுப்பில் இந்தப் பெயரை நான் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. கலோரி கூட்டினோம், உணவு அட்டவணை போட்டோம். ஹீமோகுளோபின் அளக்கும் செய்முறை அன்று, நிறத்தின் அடர்த்தியை வைத்து அளக்கும் கலரிமீட்டர் வேலை செய்யவில்லை; சீனியர் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எண்களை எழுதினோம். எங்கள் ஆசிரியர்கள் மேல் குறை இல்லை. கையில் கருவி இல்லாமல் அவர்கள் என்ன செய்வார்கள்?

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஊட்டச்சத்தைச் சமையல் படிப்பாக நினைத்து நடத்தினால் இது எப்படிச் சரியாகும்? 1918இல் மெக்காரிசன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் குன்னூரில் ஒரே அறையில், தயமின் (பி1 வைட்டமின்) குறைவால் வரும் பெரிபெரி நோய் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். அதுதான் வளர்ந்து இன்று ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. தீட்டிய பச்சரிசியே கதியென்று இருப்பவர்களுக்கு பெரிபெரி வரும். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுவதால் புழுங்கலரிசி அதைத் தடுக்கும். நம் பாட்டிமார் நெல் அவித்த அண்டாவில் நடந்தது உயிர்வேதியியல்தான்.

அதனால் கேட்கிறேன். ஊட்டச்சத்து உயிரியலை முதுநிலையில் முழுப் பாடமாக வையுங்கள். விலங்கியல், உயிர்வேதியியல் படித்தவர்களையும் சேருங்கள். முதுநகர் துறைமுகத்து நெத்திலியை முள்ளோடு தின்றால் கால்சியம் எவ்வளவு சேர்கிறது, பண்ருட்டிப் பலாக்கொட்டையை அவித்தால் என்ன மிஞ்சுகிறது என்று மாணவர்களே அளக்கட்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், வேலை செய்யும் ஒரு கலரிமீட்டர் வாங்குங்கள்.

உங்கள் அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வருகிறேன். அந்த ரெக்கார்டு நோட்டையும் எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
கடலூர் முன்னாள் மாணவி ஒருத்தி