மூன்று மாதம் பிந்திவிட்டேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா வரும் பெற்றோருக்கு நீங்கள் போட்டிருந்த யோசனைகளில், குளிர் தொடங்கும் முன் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி இருந்தது. நல்ல யோசனைதான். நானும் வருடா வருடம் போட்டுக்கொள்கிறவள்தான். ஊசியால் கை கெட்டுப்போனால் இழப்பீடு கேட்க ஒரு கெடு உண்டு, வலி தொடங்கிய தேதியைக் குறித்து வையுங்கள் என்று அந்த வரிக்குப் பக்கத்தில் இன்னொரு வரியும் சேர்த்திருக்கலாமே என்றுதான் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. இருபத்திரண்டு வருடமாக நியூ ஜெர்சி எடிசனில் வாசம். கணக்கு எழுதுவது தொழில். ஏப்ரல் 15 வருமான வரிக் கெடுவை என்னிடம் வருகிற ஒருவருக்கும் நான் தவறவிட்டதில்லை. என் சொந்தக் கெடுவைத்தான் கோட்டை விட்டேன்.

2019 அக்டோபர். ஒரு மருந்துக்கடையில் ஊசிக்கு வரிசை. சட்டைக் கை இறுக்கம், மேலே சுருட்ட வரவில்லை. கழுத்துப் பக்கமாகத் தோளை இறக்கிக் காட்டினேன். நான் உட்கார்ந்திருந்தேன், ஊசி போட்ட பையன் நின்றுகொண்டிருந்தான். குத்த வேண்டிய சதைக்கு இரண்டு விரல் மேலே, தோள் எலும்பை ஒட்டிக் குத்திவிட்டான். அன்று ராத்திரியே இடது தோளில் வலி. ஊசி வலிதானே, இரண்டு நாளில் போய்விடும் என்று விட்டுவிட்டேன். தீபாவளியன்று முதுகுப் பக்கம் ரவிக்கைக் கொக்கி மாட்டக் கை போகவில்லை. மகள்தான் மாட்டிவிட்டாள். இட்லிப் பானை மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டுக்கு வந்தது.

அப்புறம் கொரோனா. டாக்டரைக் கம்ப்யூட்டரில்தான் பார்க்க முடிந்தது. எனக்குச் சர்க்கரை உண்டு. சர்க்கரை இருந்தால் தோள் இறுகிப்போவது சகஜம், ஃப்ரோசன் ஷோல்டர் என்றார். நம்பினேன். 2023 ஜனவரியில் புதிதாகப் போன பிசியோதெரபி பெண் என் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எப்போது தொடங்கியது? அதற்கு முன் இந்தக் கையில் ஊசி ஏதாவது போட்டீர்களா?" என்று கேட்டாள். மூன்று வருடத்தில் இப்படிக் கேட்ட முதல் ஆள் அவள்தான்.

ஊசியால் வந்த பாதிப்புக்கு இழப்பீடு கேட்பதற்கென்றே வக்கீல்கள் இருக்கிறார்கள். ஒருவருக்குப் போன் செய்தேன். வலி எந்தத் தேதியில் தொடங்கியது என்றார். ஊசி போட்ட அன்றே என்று பெருமையாகச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அப்படியானால் கெடு போன அக்டோபரோடு முடிந்துவிட்டது அம்மா" என்றார்.

ஊசியால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தர 1986-இலேயே இங்கே சட்டம் வந்துவிட்டது. ஒவ்வொரு தடுப்பூசியிலும், அது தடுக்கும் நோய் ஒன்றுக்கு 75 சென்ட் வீதம் வரி பிடித்து நிதி சேர்க்கிறார்கள். மனு வாஷிங்டனில் உள்ள ஃபெடரல் கிளெய்ம்ஸ் நீதிமன்றத்துக்குப் போகிறது. நியாயமான மனுவாக இருந்தால், தோற்றாலும் வக்கீல் கூலியை அந்த நிதியே கொடுத்துவிடும். ஊசி தவறாகப் போட்டுத் தோள் கெடுவது 2017 முதல் அவர்களுடைய இழப்பீட்டுப் பட்டியலிலேயே இருக்கிறது. வலி 48 மணி நேரத்துக்குள் தொடங்கியிருக்க வேண்டும். ஆபரேஷன் வரை போகாத என்னைப் போன்றவர்களுக்கு, பாதிப்பு ஆறு மாதத்துக்கு மேல் நீடித்திருக்கவும் வேண்டும். எனக்கு எல்லாம் பொருந்தியது, தேதியைத் தவிர.

முதல் அறிகுறி தோன்றிய நாளிலிருந்து மூன்று வருடம் என்பதுதான் கெடு. காரணம் தெரியவந்த நாள் கணக்கில் இல்லை. க்ளோயர் என்பவர் வழக்கில் 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அவருக்கு ஊசிக்குப் பின் 1997-இல் உடம்பில் மின்சாரம் பாய்கிற மாதிரி ஓர் உணர்வு. நரம்பு நோய் என்று உறுதியானது 2003-இல். மனுப் போட்டது 2005-இல். 1997-இலிருந்தே கணக்கு என்று தள்ளிவிட்டார்கள். இத்தனைக்கும் அவரே ஒரு டாக்டர். கெடுவைத் தளர்த்த வழியே இல்லை என்றும் அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை, ஆனால் ஊசிதான் காரணம் என்று தெரியாமல் போனது அதற்குப் போதாது.

எனக்கு ஆத்திரம் ஊசி மேல் இல்லை, அந்தத் தாள் மேல். ஊசி போடும்போது ஒரு தகவல் தாள் கொடுத்தே ஆக வேண்டும் என்பது இங்கே சட்டம். அன்று கொடுத்ததும் காரில் கிடந்தது. பின்பக்கம் கறிவேப்பிலை, புளி, துவரம்பருப்பு என்று என் கையெழுத்து. முன்பக்கம் திருப்பித் தேடினேன். இழப்பீடு கேட்கக் காலவரம்பு உண்டு என்று ஒரு வரி. எத்தனை வருடம் என்று இல்லை! இரண்டு எழுத்து கூடுதலாக அச்சடிக்க மை இல்லையா? இப்போதைய தாளில், இரண்டு வருடமாகக்கூட இருக்கலாம் என்று சேர்த்திருக்கிறார்கள். அந்த இரண்டு, உயிர் போனவர்களின் குடும்பத்துக்கு. இறந்த நாளிலிருந்து இரண்டு வருடம், அதுவும் முதல் அறிகுறியிலிருந்து நான்கு வருடத்துக்குள்.

கொரோனா ஊசி இந்தச் சட்டத்திலேயே வராமல் வேறொரு திட்டத்தில் மாட்டிக்கொண்டது. அங்கே ஒரே வருடம், அதுவும் ஊசி போட்ட நாளிலிருந்து. நீதிமன்றம் கிடையாது, வக்கீல் கூலியும் கிடையாது. லண்டனில் இருக்கும் என் தம்பி ஊரில் ஊசி போட்டு ஆறு வருடம் வரை, அல்லது 21 வயது ஆகும் வரை, இதில் எது பிந்தியதோ அதுவரை கேட்கலாம். ஆனால் 60 சதவீத ஊனம் காட்டினால்தான் பணம். கெடு தாராளம், வாசல் குறுகல்.

உங்கள் வாசகர்களுக்கு முக்கியமானது இதுதான்: மனுப் போட அமெரிக்கக் குடியுரிமை வேண்டியதில்லை. மகன் வீட்டுக்கு ஆறு மாதம் வந்து, இங்கே ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டு ஊர் திரும்பும் அம்மா அப்பாவும் கேட்கலாம். வலியோடு விமானம் ஏறிவிட்டால் ஊர் டாக்டருக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. வயசு வலி என்பார், வருடம் ஓடிவிடும். எந்தக் கை, என்ன ஊசி, என்றைக்கு வலி என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மருந்துப் பையில் வைக்கச் சொல்லுங்கள்.

என் சமையலறையில் ஊரிலிருந்து வந்த காலண்டர் தொங்குகிறது. போன அக்டோபரில் அதில் எழுதினேன்: ஃப்ளூ ஊசி, வலது கை, கையில்லாத சட்டை, உட்கார்ந்து போட்டார்கள். மறுநாள் கட்டத்தில்: லேசான வலி. அதற்கு அடுத்த நாள்: இல்லை.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
எடிசன், நியூ ஜெர்சி