கடுகு டப்பாவில் ஒரு சீட்டு

கும்பகோணம்,
ஞாயிற்றுக்கிழமை இரவு.

அன்புள்ள மலர்,

நேற்று போனில் உன் குரலைக் கேட்டதிலிருந்து உன் நினைப்பாகவே இருக்கிறது. வலி குறைந்துவிட்டது என்றாய், அது பெரிய நிம்மதி. மாவுக்கட்டு பிரிக்க இன்னும் ஐந்து வாரம் இருக்கிறதே, அதுவரைக்கும் ஒரே கட்டிலில் உட்கார்ந்து பொழுதை எப்படித்தான் தள்ளுவாய்! அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகிப் பத்து நாள்தான் ஆகிறது. இல்லாவிட்டால் இந்நேரம் நான் புனேயில் உன் பக்கத்தில் உட்கார்ந்து கதை படித்துக்கொண்டிருப்பேன்.

"ஏதாவது மர்மக் கதையா சொல்லும்மா, படிக்கவும் பார்க்கவும்" என்று கேட்டாய். அப்புறம் நீயே இன்னொன்றும் சொன்னாய். ஏதோ இங்கிலீஷ் தொடர், எட்டுப் பகுதியையும் ஒரே ராத்திரியில் பார்த்து முடித்தேன், காலையில் எழுந்தால் யார் கொன்றார்கள் என்றே சட்டென்று நினைவுக்கு வரவில்லை என்று. அது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாயசத்தை ஒரே மடக்கில் குடித்துவிட்டு ருசி தெரியவில்லை என்பது மாதிரி இருக்கிறது. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால்தான் இந்தக் கடிதம்.

புதன்கிழமைக்குள் ஒரு பார்சல் வரும். மேலாக ஒரு கனமான பைண்டு புத்தகம் இருக்கும், அதை ஜாக்கிரதையாகப் பிரி. உன் பாட்டி தைத்தது. குமுதத்தில் சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' தொடராக வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வாரமும் வீட்டில் எல்லோரும் படித்து முடித்த பிறகு, பாட்டி அந்தப் பக்கங்களை மட்டும் பின் கழற்றி எடுத்து அலமாரியில் நியூஸ் பேப்பருக்கு அடியில் வைப்பாள். தொடர் முடிந்ததும் கோணி ஊசியும் சணலும் எடுத்து, ஓரத்தில் மூன்று ஓட்டை போட்டு, முட்டியால் அழுத்திக்கொண்டு தைத்தாள். அட்டைக்குப் பழைய காலண்டர். பக்கங்களின் பின்புறத்தில் பாதி ஜோக்கும் பாதி விளம்பரமும் இருக்கும், அதையும் விடாமல் படி. அந்தக் காலத்து வீடு எப்படி இருந்தது என்று அதில் தெரியும்.

நடுவில் ஒரு வாரம் இருக்காது. அந்த வாரம் புத்தகம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை, தெருவில் யாரிடமும் கிடைக்கவில்லை. அந்த ஒரு வாரத்தில் என்ன நடந்திருக்கும் என்று நானும் உன் மாமாவும் எத்தனையோ மத்தியானம் பேசியிருக்கிறோம். அவன் ஒரு மாதிரி கட்டுவான், நான் வேறு மாதிரி கட்டுவேன். கல்யாணமாகி வந்த பிறகு அச்சுப் புத்தகம் வாங்கி அந்த இடத்தைப் படித்தேன். இன்னமும் எனக்கு நெஞ்சில் இருப்பது நாங்களாகக் கட்டின கதைதான். அச்சுப் புத்தகத்தையும் கூடவே வைத்திருக்கிறேன். நீ முதலில் பாட்டி தைத்ததைப் படி. ஓட்டை வந்ததும் நிறுத்து. என்ன நடந்திருக்கும் என்று எனக்குப் போன் பண்ணிச் சொல்லு. அப்புறம் மற்றதை எடுத்துக்கொள்.

அதில் வக்கீல் கணேஷும் வசந்தும் ஒரு சொத்து விவகாரமாகப் பெரிய பங்களாவுக்குப் போகிறார்கள். அங்கே கண்ணுக்குத் தெரிவது பேயா, மனுஷன் செய்கிற வேலையா என்பதுதான் கேள்வி. எழுதியவர் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்த இஞ்சினியர், ஓட்டுப் போடுகிற மெஷின் உருவானதில் அவருக்கும் பங்கு உண்டு. அதனால் அறிவியல் பக்கம்தான் சாய்வார் என்று நினைத்துக்கொண்டு படிக்க ஆரம்பிப்போம். அப்படி நினைக்க விட்டு, அடுத்த பக்கத்திலேயே முதுகில் சில்லென்று ஒன்று வைப்பார். இதற்குமேல் சொல்லமாட்டேன். பிடித்துப்போனால் 'நைலான் கயிறு' படி. கணேஷ் முதலில் வந்தது அதில்தான், அப்போது வசந்த் கிடையாது. வசந்த் இல்லாத கணேஷ் கொஞ்சம் தனியாள் மாதிரி தெரிவார்.

பார்சலில் இரண்டாவது, தேவன் எழுதிய 'துப்பறியும் சாம்பு'. நம் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற திருவிடைமருதூர்க்காரர். 1942இல் ஆனந்த விகடனில் ஆரம்பித்த கதைகள். சாம்பு ஒரு பாங்கு குமாஸ்தா, மக்கு என்று ஊரே சொல்லும். அவன் எதையோ செய்யப்போக, அது அதிர்ஷ்டவசமாகத் திருடனின் கழுத்தில் போய் விழும். இன்ஸ்பெக்டர் கோபாலன் அசந்து நிற்பார். கால் வலி அதிகமாக இருக்கிற ராத்திரியில் இதைப் படி. ஒரு கதை போதும், தூக்கம் நல்லபடியாக வரும். தேவனே எழுதிய 'ஜஸ்டிஸ் ஜகந்நாதன்' முழுக்கக் கோர்ட்டு விசாரணை. சாட்சி சொல்கிறவர்கள் ஒவ்வொருவராகக் கூண்டில் ஏற ஏறக் கதை கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். அது பொறுமையாகப் படிக்க வேண்டிய புத்தகம், உனக்கு இப்போது நேரம் இருக்கிறது.

அடியில் பாக்கெட் நாவல்கள் ஒரு கட்டு. அவை அப்பாவுடையவை. பஸ் ஸ்டாண்டு கடையில் கயிறு கட்டி, துணி கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருப்பார்களே, அந்தப் புத்தகங்கள். ஆபீஸ் வேலையாகத் திருச்சிக்குப் போகும்போது இங்கே ஒன்று வாங்குவார், சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது கடைசிப் பக்கத்தில் இருப்பார். ராஜேஷ்குமார்தான் அவருக்கு உயிர். கோயம்புத்தூர்க்காரர், 1500 நாவலுக்கு மேல் எழுதியவர். அவர் கதை ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு கவனித்துப் பார். முதல் அத்தியாயத்தில் ஒரு ஊர், ஒரு குடும்பம். இரண்டாவது அத்தியாயத்தில் சம்பந்தமே இல்லாத வேறு ஊர், வேறு ஆட்கள். மாறி மாறி இரண்டு தண்டவாளமாகப் போகும். இரண்டும் எந்த இடத்தில் முட்டப்போகிறது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் நம் வேலை. அப்பா பாதிப் புத்தகத்திலேயே விரல் வைத்து மடித்துக்கொண்டு கண்ணை மூடி யோசிப்பார். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் சுசீலா, சுபாவின் நரேந்திரன் வைஜயந்தி என்ற துப்பறியும் ஜோடிகளும் அந்தப் புத்தகக் கட்டுக்குள் இருக்கிறார்கள். சுபா என்பது ஒரு பெண் என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன், சுரேஷ் பாலகிருஷ்ணன் என்று இரண்டு நண்பர்கள் சேர்ந்து வைத்துக்கொண்ட பேர் அது.

ஒன்று மட்டும் உன்னிடம் கெஞ்சிக் கேட்கிறேன். கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே, போனில் தேடி முடிவைப் படிக்காதே. சின்ன வயதில் வாடகை நூலகத்தில் ஒரு நாவல் எடுத்து வந்தேன். முதல் பக்கத்தில் யாரோ ஒரு மகராசன் பென்சிலில் ஒரு பெயரை எழுதி வட்டம் போட்டு, 'இவன்தான்' என்று அம்புக்குறி போட்டிருந்தான். எட்டணா கொடுத்து எடுத்து வந்தது. அழிரப்பரால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன், பேப்பரில் பள்ளம் விழுந்துவிட்டது, பெயர் மட்டும் மனசை விட்டுப் போகவில்லை. அன்றைக்கு அழுதுவிட்டேன். லண்டனில் அகதா கிறிஸ்டியின் 'மவுஸ்ட்ராப்' என்று ஒரு நாடகம், 1952இலிருந்து கொரோனா காலம் தவிர நடந்துகொண்டே இருக்கிறது. நாடகம் முடிந்ததும் பார்த்தவர்களிடம், யார் செய்தது என்று வெளியே சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்வார்களாம். இத்தனை வருஷமாக ஜனங்கள் அந்த வார்த்தையைக் காப்பாற்றுகிறார்கள் என்று நினைத்தால் எனக்கு அவர்கள் எல்லோரையும் பிடித்துப்போகிறது.

சரி, பார்ப்பதற்கு வருகிறேன். முதலில் 'அந்த நாள்'. 1954இல் வந்தது, வீணை பாலசந்தர் எடுத்த படம், பாட்டே கிடையாது. உன் பாட்டி தியேட்டரில் பார்த்தபோது, இப்போ பாட்டு வரும், இப்போ பாட்டு வரும் என்று காத்திருந்தாளாம். பாதிப் படத்துக்கு மேல் பாட்டை மறந்தே போனேன் என்பாள். எடுத்த எடுப்பில் துப்பாக்கிச் சத்தம், சிவாஜி விழுகிறார். சிவாஜி கணேசன் முதல் காட்சியிலேயே செத்துப்போகிற படம்! 1943இல் சென்னையில் ஜப்பான்காரன் குண்டு போட்ட சமயத்தில் நடக்கிற கதை. பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி பெண்டாட்டி, மனைவி என்று ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த மாதிரி ஒன்றைச் சொல்கிறார்கள். சொல்லும்போது ஒவ்வொன்றும் உண்மை மாதிரியே இருக்கும். சி.ஐ.டி. அதிகாரியாக வருகிற ஜாவர் சீதாராமன்தான் வசனமும் எழுதியவர். கருப்பு வெள்ளையில் முகத்தில் பாதி வெளிச்சம், பாதி இருட்டு. விளக்கை அணைத்துவிட்டுப் பார்.

அதைப் பார்த்த கையோடு 'வதந்தி' பார். 2022இல் வந்த தொடர். கன்னியாகுமரிப் பக்கம் ஒரு பெண் செத்துக் கிடக்கிறாள். எஸ்.ஜே.சூர்யா விசாரிக்கிற போலீஸ்காரர். கேட்கக் கேட்க, ஆளாளுக்கு அந்தப் பெண்ணைப் பற்றி ஒவ்வொரு கதை சொல்கிறார்கள், பத்திரிகைக்காரர்கள் வேறு தனியாக ஒன்று சொல்கிறார்கள். 'அந்த நாள்' படத்தில் செத்தவனைப் பற்றிச் சொன்னார்கள், இதில் செத்தவளைப் பற்றி. செத்தவள் ஒரு பெண் என்றால் ஊர் வாய் எவ்வளவு கூசாமல் பேசுகிறது! எனக்கு அந்தப் பெண்ணை நினைத்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. யார் கொன்றது என்பதைவிட அவள் யார் என்று தெரிந்துகொள்ளத்தான் நான் கடைசிவரை பார்த்தேன்.

'ராட்சசன்' நல்ல படம்தான், விறுவிறுப்புக்குக் குறைவே இல்லை. ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சித்திரவதை செய்கிறதை என்னால் தாங்க முடியவில்லை. நீ தனியாக, நடக்க முடியாமல் இருக்கும்போது அது வேண்டாம். மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கிற நாளில் 'துருவங்கள் பதினாறு' பாருங்கள். அதற்கு ஒரு முழுக் கவனம் வேண்டும், பாதியில் எழுந்து போனால் இழை விட்டுப்போகும்.

'மர்மதேசம்' உனக்கு நினைவிருக்கிறதா? அந்தத் தொடரில் 'விடாது கருப்பு' என்கிற கதை சன் டி.வி.யில் வாரத்துக்கு ஒருநாள் வரும்போது நீ அ, ஆ எழுதிப் பழகிக்கொண்டிருந்தாய். இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா எடுத்தது. தோட்டக்காரமங்கலம் என்று ஒரு கிராமம், தப்பு செய்தவனைக் கருப்புசாமி குதிரையில் வந்து தண்டிக்கிறார் என்று ஊர் நம்புகிறது. அந்த நேரத்தில் நம் தெருவில் ஒரு நாய்கூடக் குரைக்காது. முடிந்ததும் எல்லா வீட்டுத் திண்ணையிலும் பேச்சுக் கிளம்பும், அடுத்த வாரம் வரைக்கும் ஓயாது. குழாயடியில் பேசுவோம், மாவு மில்லில் பேசுவோம். அந்த ஏழு நாள் இருக்கிறதே மலர், கதையில் பாதி அந்த ஏழு நாளில்தான் நடந்தது. அதைத்தான் நீ ஒரே ராத்திரியில் பார்த்தபோது விட்டுவிட்டாய்.

அப்போது நாம் ஒரு வேலை செய்வோம். ஒவ்வொருவரும் ஒரு துண்டுச் சீட்டில் யார் என்று எழுதி, நாலாக மடித்து, காலி கடுகு டப்பாவில் போட்டு மூடிவைப்போம். கடைசி வாரம்தான் திறப்போம். டப்பாவை இன்றைக்கும் எடுத்துப் பார்த்தேன். அப்பா சீட்டு, அத்தை சீட்டு, என் சீட்டு எல்லாம் எங்கோ போய்விட்டது. உன்னுடையது மட்டும் இருக்கிறது. ரெட்டைக் கோடு நோட்டில் கிழித்தது, கடுகு எண்ணெய் ஏறிப் பழுப்பாகிவிட்டது. பென்சிலில், பெரிய பெரிய எழுத்தில் 'குதிர' என்று எழுதியிருக்கிறாய். கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் ஓரத்தில் வளைந்து கீழே இறங்குகிறது. ஆட்கள் எல்லோரையும் விட்டுவிட்டு நீ குதிரையின் பேரில் சந்தேகப்பட்டாய். ஏன் என்று கேட்டதற்கு, "எல்லா இடத்துலயும் அதுதாம்மா இருக்கு" என்றாய். அப்பா உன்னைத் தூக்கி வைத்துக்கொண்டு, இவளுக்குத் துப்பறியும் மூளை என்று தெரு முழுக்கச் சொன்னார்.

இப்போது ஒரு ஏற்பாடு. 'சுழல்' என்று ஒரு தொடர், முதல் பாகம் எட்டுப் பகுதி. நானும் அப்பாவும் முதல் பகுதியை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தி வைத்திருக்கிறோம். மயானக்கொள்ளைத் திருவிழா நடக்கிற ஒரு மலையடி ஊர், ஒரு சிமெண்டு ஆலை, வேலைநிறுத்தம். ஆலை தீப்பிடித்து எரிகிற ராத்திரியில் தொழிற்சங்கத் தலைவரின் பெண் காணாமல் போகிறாள். பார்த்திபன்தான் அந்த அப்பா. திருவிழாவில் பூசிக்கொள்கிற வேஷமும் நடக்கிற குற்றமும் ஒன்றோடு ஒன்று கலந்து வருகிறது. எனக்கு ஒருத்தர் மேல் ஏற்கெனவே சந்தேகம், சொல்லமாட்டேன்.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு நீ முதல் பகுதியை மட்டும் பார். அதோடு டி.வி.யை அணைத்துவிடு. அடுத்தது தானாக ஓட ஆரம்பிக்கும், ரிமோட்டைக் கையிலேயே வைத்திரு. மறுநாளிலிருந்து மூன்று பேரும் ஒரே நேரத்தில் நாளுக்கு ஒன்று பார்ப்போம். முடிந்ததும் நீ கூப்பிடு, அப்பா பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார், கண்ணுக்குச் சொட்டு மருந்து விடும் நேரம் வந்தால் நான் வாங்கிக்கொள்கிறேன்.

கடுகு டப்பாவைக் கழுவி வெயிலில் காயவைத்தாயிற்று. அப்பா தன் சீட்டைப் போட்டுவிட்டார், கையால் மறைத்துக்கொண்டு எழுதினார். என்னுடையதும் உள்ளே இருக்கிறது. நீ யார் மேல் சந்தேகப்படுகிறாயோ அந்தப் பெயரை எழுதி மடித்து, பார்சல் கொண்டுவருகிற பையனிடமே திருப்பி அனுப்ப முடியுமா என்று கேட்டுப் பார். முடியாது என்றால் உன் வீட்டு டப்பா ஒன்றில் போட்டு மூடி மாப்பிள்ளையிடம் கொடுத்துவை.

உன் பழைய சீட்டை இந்தக் கடிதத்துக்குள் வைத்திருக்கிறேன். தொலைத்துவிடாதே, பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பு.

அன்புடன்,
அம்மா